கல் இருந்த இடம்

வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். அப்பா வாங்கிப்போட்ட 42 சென்ட் நிலத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறார். மேற்கு வரப்பு நாலடி உள்ளே வந்திருக்கிறது. வடமேற்கு மூலையில் நின்ற சர்வே கல்லைக் காணவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் அந்த நாலடியையும் சேர்த்து உழுது உளுந்து விதைத்திருக்கிறார். கேட்டால், "எப்பவும் இப்படித்தானே இருக்கு?" என்கிறார். தமிழ்நாட்டில் எந்தத் தாலுகாவுக்குப் போனாலும் இந்தக் கதை கேட்கக் கிடைக்கும்.

டீக்கடையில் மூன்று யோசனைகள் வருகின்றன. ஸ்டேஷனில் எழுதிக் கொடு என்கிறார் ஒருவர். தாசில்தாரிடம் மனு போடு என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ஜேசிபியைக் கூப்பிடச் சொல்கிறார். நிலத்துக்காரர் மனத்தில் ஓடுவது வேறு: பத்திரம் என் பேரில்தானே இருக்கிறது, யார் என்ன செய்துவிட முடியும்?

அந்த நம்பிக்கையிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஏனென்றால் நிலத்தை இழந்த பலரும் முதலில் சறுக்கியது அங்கேதான். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கும் ஆவணத்தைக் கட்டாயம் பதியச் சொல்கிறது. சார்பதிவாளர் பதிவது அந்த ஆவணத்தைத்தான். விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன கே.கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொல்லி, முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த தமிழ்நாட்டுப் பதிவு விதியின் ஒரு பகுதியை ரத்து செய்தது. மலேசியாவில் நிலைமை வேறு. அங்கே 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் ஆக்கிரமித்தவருக்கு அந்த நிலம் சொந்தமாகாது. இந்தியாவில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. பதிந்த பத்திரம் உரிமைக்கு வலுவான சான்று. ஆனாலும் வழக்கு என்று வந்தால் கைமாறிய ஒவ்வொரு படியையும் மூலப் பத்திரத்திலிருந்து கோத்துக் காட்ட வேண்டியது நிலத்துக்காரரின் பொறுப்பு.

பட்டாவுக்கு இந்த வலுவும் கிடையாது. அது யாரிடம் வரி வாங்குவது என்பதற்காக வருவாய்த் துறை வைத்திருக்கும் கணக்கு. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறியதாலேயே உரிமை பிறப்பதுமில்லை, போவதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லிவிட்டது. 1980களில் நடந்த யூ.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு மேம்பாட்டின்போது பெயர் பிசகியும் உட்பிரிவு பிசகியும் விழுந்த பட்டாக்களால் இன்றைக்கும் முன்சீப் கோர்ட்டுகளில் வழக்கு நடக்கிறது. பட்டாவைத் திருத்தக் கோரி ஆர்டிஓவிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமையையே மறுத்து எதிராளி நின்றால், முடிவு சிவில் நீதிமன்றத்தில்தான்.

சட்டம் நிலத்தைப் பார்க்கும்போது அதன் கண்ணில் முதலில் படுவது அனுபோகம், அதாவது இன்று நிலம் யார் கையில் இருக்கிறது என்பது. ஜேசிபி யோசனை முறிவதும் இந்த இடத்தில்தான். வேலியைப் பிடுங்கிக்கொண்டு ஆள் உள்ளே நுழையும் அந்த நேரத்தில் நிலத்துக்காரர் தடுக்கலாம். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு உடலுக்கும் சொத்துக்கும் தற்காப்பு உரிமை தருகிறது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. நுழைந்தவர் நிலைத்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. நிலைத்த அனுபோகம் எது என்பதற்கு 1975இல் பஞ்சாபிலிருந்து வந்த பூரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடையாளங்கள் சொன்னது. அதில் ஒன்று உழவருக்குச் சட்டென்று புரியும்: ஆக்கிரமித்தவர் பயிர் வைத்துவிட்டாரென்றால், அந்தப் பயிரை அழித்துப் பலவந்தமாக நிலத்தை எடுக்க உண்மையான உரிமையாளருக்கும் உரிமை இல்லை. நம் கதையில் உளுந்து முளைத்திருக்கிறது. இப்போது இயந்திரத்தை இறக்கினால், அதுவரை பாதிக்கப்பட்டவராக இருந்தவர் குற்றம் சாட்டப்பட்டவராகிறார்.

2003 டிசம்பரில் தீர்ப்பான ராமே கவுடா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே வாதியால் உரிமையை நிரூபிக்க முடியவில்லை. அனுபோகத்தை மட்டும் நிரூபித்தார். அதற்காகவே அவருக்குத் தடையாணை கிடைத்தது. உரிமை கொண்டாடுபவர் முறைப்படி வழக்குப் போட்டு மீட்கும்வரை அவரை அசைக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். சொந்தக்காரருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆள்பலம் உள்ளவர் தன்னையே உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டு ஏழையின் குடிசையைப் பிரிக்காமல் தடுப்பதும் இதே விதிதான்.

ஆகவே வழக்கறிஞரிடம் போகும்போது சொல்ல வேண்டிய முதல் விஷயம் நிலம் இன்று யார் கையில் என்பதுதான். போடவேண்டிய வழக்கை அதுதான் முடிவு செய்கிறது.

நிலம் கையில் இருந்து, எதிராளி தொந்தரவு மட்டும் கொடுக்கிறார் என்றால் உறுத்துக் கட்டளை, அதாவது தடையாணை கேட்கும் வழக்கு போதும். கோர்ட் வளாகத்தில் இதைப் பொதுவாக 'ஸ்டே கேஸ்' என்பார்கள். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடைக்கும் மனுப் போடலாம். நிலம் பறிபோய் ஆறு மாதம் ஆகவில்லை என்றால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு ஓர் அரிய வழியைத் திறந்துவைத்திருக்கிறது. அதில் பத்திரமே தேவையில்லை. நான் அனுபோகத்தில் இருந்தேன், என் சம்மதமும் இல்லாமல் சட்ட வழியும் இல்லாமல் வெளியேற்றப்பட்டேன் என்று நிரூபித்தால் நிலம் திரும்பக் கிடைக்கும். உரிமை பற்றிய பேச்சுக்கே அந்த வழக்கில் இடமில்லை. அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. அரசுக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது. இத்தனை வலுவான வழி அதிகம் பயன்படாமல் கிடப்பதற்குக் காரணம் அந்த ஆறு மாதக் கெடு. முதல் மாதம் அதிர்ச்சியில் போகிறது, இரண்டாம் மாதம் சொந்தக்காரர்கள் பேசிப் பார்க்கிறார்கள், பிறகு பெரியவர்கள் பஞ்சாயத்து, பிறகு தாலுகா ஆபீஸ் நடை. வக்கீல் வீட்டுப் படி ஏறும்போது ஏழாம் மாதம் பிறந்திருக்கிறது.

அந்தக் கெடு தவறினால் மிஞ்சுவது உரிமையின் அடிப்படையில் நிலத்தை மீட்கும் வழக்கு. நிலம் என்னுடையது என்று விளம்புகை செய்யவும், அதாவது நீதிமன்றம் அறிவிக்கவும், அனுபோகத்தை ஒப்படைக்கவும், ஆக்கிரமித்தவர் அனுபவித்த காலத்துக்கான இடைக்கால வருமானத்தைத் தரவும் அதில் சேர்த்தே கேட்கலாம். பலர் தோற்பது இந்த இடத்தில். நிலம் கையைவிட்டுப் போன பிறகும் வெறும் உறுத்துக் கட்டளை மட்டும் கேட்டு வழக்குப் போட்டுவிடுகிறார்கள். 2008இல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வரையறுத்தது. அனுபோகம் போய்விட்டால் அனுபோகத்தை மீட்கும் பரிகாரம் கேட்டே ஆக வேண்டும். உரிமையின் மேலேயே நியாயமான ஐயம் விழுந்திருந்தால் விளம்புகையும் கேட்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டுத் தடை மட்டும் கேட்கும் வழக்கு நிற்காது. தெரிந்தும் ஏன் இந்தப் பிழை நடக்கிறது என்று பார்த்தால் நீதிமன்றக் கட்டணம் ஒரு பெரிய காரணம். உரிமையோடு நிலத்தை மீட்கும் வழக்குக்கு நிலத்தின் மதிப்பை ஒட்டிக் கட்டணம் கட்ட வேண்டும். வெறும் தடை வழக்குக்கு வாதி போடும் மதிப்பின் மேல் சிறு தொகை போதும். தமிழ்நாட்டில் இந்தக் கட்டண விகிதம் 2017இல் நூற்றுக்கு ஏழரையிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்ட பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. சில ஆயிரங்களை மிச்சம் பிடித்துப் போட்ட வழக்கு எட்டாண்டு நடந்து தள்ளுபடியாகும்போது, அந்த எட்டாண்டும் எதிராளியின் கணக்கில் சேர்ந்திருக்கும்.

எந்த வழக்கானாலும் அளவை இல்லாமல் அது நகராது. எல்லைத் தகராறுகளில் வாய்மொழிச் சாட்சிக்கு உள்ள மதிப்பு சொற்பம். பத்திரத்தில் 'மேற்கில் இன்னார் நிலம்' என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் செத்து முப்பது வருடம் ஆகியிருக்கும். பேசக்கூடியது புலப்படம், அதாவது எஃப்.எம்.பி. வரைபடம். அதில் ஒவ்வொரு பக்கமும் மீட்டர் கணக்கில் இருக்கிறது. வழக்குக்கு முன்னால் தாலுகா அலுவலகத்தில் கட்டணம் கட்டி, பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புத் தந்து, சர்வேயரைக் கொண்டு அளந்து வாங்கிய அறிக்கை பாதி வழக்கை முடித்துவிடும். வழக்கு வந்த பிறகு, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதிப்படி வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கலாம். அவர் சர்வேயரோடு வந்து அளந்து, எத்தனை அடி எங்கே போயிருக்கிறது என்று வரைபடத்தோடு அறிக்கை தருவார். எல்லைத் தகராறில் இப்படி ஓர் ஆணையரை நியமிப்பதே தகும் என்று 2008இல் ஹரியானா வக்ஃப் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வயலில் அளவுக்கு நிற்கும் நாளில் நிலத்துக்காரர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். சங்கிலி எந்தக் கல்லிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் நாலடி கூடுவதும் குறைவதும் இருக்கிறது. அந்தக் கல் பழைய கல்லா, நேற்று நட்ட கல்லா என்று ஊர்க்காரருக்குத் தெரியும், ஆணையருக்குத் தெரியாது.

கல்லுக்குச் சட்டத்தில் தனி மரியாதை உண்டு. 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் எல்லைக் கற்களைப் பேணும் கடமையைப் பட்டாதாரர் தலையில் வைத்திருக்கிறது. அரசு நட்ட எல்லை அடையாளத்தை அழிப்பதும் நகர்த்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவின்கீழ் ஓராண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இனி, உரிமையையே பறிக்கக்கூடிய 12 ஆண்டுக் கெடு.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 65ஆம் உறுப்பில், உரிமையின் அடிப்படையில் நிலத்தை மீட்க 12 ஆண்டு அவகாசம் தருகிறது. எதிராளியின் அனுபோகம் எதிரிடையாக, அதாவது உரிமையாளரின் உரிமையை மறுப்பதாக மாறிய நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடுகிறது. 12 முடிந்தால் வழக்குப் போடும் உரிமை மட்டும் போவதில்லை. 27ஆம் பிரிவின்படி நிலத்தின் மேலுள்ள உரிமையே அற்றுப்போகிறது. பத்திரம் பெட்டிக்குள் அப்படியே இருக்கும். அது சொல்லும் நிலம் இன்னொருவருடையதாகியிருக்கும். அரசு நிலமாக இருந்தால் அரசுக்குக் கிடைக்கும் அவகாசம் 30 ஆண்டு.

இந்த விதியை உச்ச நீதிமன்றமே கடுமையாகச் சாடியிருக்கிறது. 2008இல் ஹேமாஜி வாகாஜி ஜாட் வழக்கில், நேர்மையற்றவருக்குப் பரிசும் உரிமையாளருக்குத் தண்டனையுமாக இருக்கும் இந்தச் சட்டத்தைப் புதிதாக ஆராயும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. ஆனால் 2019 ஆகஸ்டில் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் மூன்று நீதிபதிகள் எதிர்த் திசையில் நடந்தார்கள். எதிரிடை அனுபோகத்தால் உரிமை பெற்றவர் பிரதிவாதியாக நின்று தற்காத்துக்கொள்வதோடு, தானே வாதியாக வந்தும் அந்த உரிமையைக் கோரலாம் என்றார்கள். 2023இல் 22ஆவது சட்ட ஆணையம் தன் 280ஆவது அறிக்கையில் சட்டத்தை மாற்றத் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. பதிவேடே உரிமையாக இருக்கும் நாட்டில் இப்படி ஒரு விதி தேவையில்லை. நம் பதிவேடுகள் இருக்கும் நிலையில், ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து யாரையும் கிளப்பலாம் என்றால் ஊரில் ஒருவரும் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது. ஆகவே விதியை ஒழிப்பதைவிட, அதை நிரூபிக்கும் பாரத்தைக் கனமாக வைத்திருப்பதே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

அந்தப் பாரம் உண்மையிலேயே கனமானதுதான். 1908ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர் கடந்த 12 ஆண்டுக்குள் தான் அனுபோகத்தில் இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1963 சட்டம் அதைப் புரட்டிப்போட்டது. உரிமையாளர் தன் உரிமையை நிரூபித்துவிட்டால் போதும். எதிரிடை அனுபோகம் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். எந்தத் தேதியில் நுழைந்தேன், எப்படி நுழைந்தேன், உரிமையாளருக்கு எப்போது தெரிந்தது, எப்படி வெளிப்படையாகவும் இடைவிடாமலும் அவருடைய உரிமையை மறுத்தே இருந்தேன் என்று எல்லாம் காட்ட வேண்டும். கர்நாடக வக்ஃப் வாரிய வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இவற்றை வரிசைப்படுத்தியது. ஒரே நிலத்தை 'இது என் சொந்த நிலம்' என்றும் 'உன் நிலத்தை நான் எதிரிடையாக அனுபவித்தேன்' என்றும் சேர்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். "எப்பவும் இப்படித்தானே இருக்கு" என்ற பக்கத்து நிலத்துக்காரரின் பேச்சு கூண்டில் ஏறினால் இத்தனை கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். குத்தகைக்காரர், வாட்ச்மேன், உறவு என்று இருக்கவிட்டவர் ஆகியோர் அனுமதியின் பேரில் உள்ளே வந்தவர்கள். எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த இருப்பினால் மட்டும் அவர்களுக்கு உரிமை பிறக்காது. கோவாவிலிருந்து வந்த மரியா மார்கரிடா வழக்கில் 2012இல் இது உறுதியானது.

ஆனால் உரிமையாளர்கள் தவறாக நம்பும் ஒன்று இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் விட்டால் அந்த 12 ஆண்டு ஓட்டம் நிற்பதில்லை. வாய்ச் சண்டையும் கலெக்டர் மனுநாளில் கொடுத்த விண்ணப்பமும் அதை நிறுத்தா. நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலாக வேண்டும், அல்லது நிலம் கைக்குத் திரும்ப வேண்டும், அல்லது 'உங்கள் அனுமதியின் பேரில் இருக்கிறேன்' என்று எதிராளி எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஸ்டேஷன் யோசனைக்கு வருவோம். அத்துமீறி நுழைவது குற்றந்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு அதற்கு மூன்று மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. ஆனால் குற்றம் செய்யவோ, அனுபோகத்தில் இருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ நுழைந்தார் என்ற நோக்கம் நிரூபணமாக வேண்டும். 'என் நிலம் என்று நினைத்தேன்' என்று அவர் சொல்லிவிட்டால் 'சிவில் மேட்டர்' என்று ஏட்டு கையைக் கழுவுவார். புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவைப்பதன் பயன், எந்தத் தேதியில் ஆட்சேபித்தோம் என்பதற்கு ஆவணம் கிடைப்பது. அடிதடி மூளும் நிலை என்றால் இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164ஆம் பிரிவின்கீழ் ஆர்டிஓ விசாரித்து, அனுபோகத்தில் இருப்பவரைத் தற்காலிகமாகக் காக்கலாம். இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரையும் அவர் அனுபோகத்தில் இருப்பவராகவே கருதலாம். தாசில்தார் யோசனை இதைவிட மெலிந்தது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் அரசு நிலத்துக்கானது. தனியார் நிலத்திலிருந்து ஒருவரை அப்புறப்படுத்தும் அதிகாரம் அதன்படி தாசில்தாருக்கு இல்லை.

வழக்குக்கு முன் எதிரே நிற்பவர் யார் என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்வதும் வேண்டும். குத்தகைக்கு உழுபவரை 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவர் ஆக்கிரமிப்பாளர் அல்லர். கூட்டுப் பட்டாவில் உள்ள பங்காளியும் அல்லர். அங்கே போட வேண்டியது பாகப்பிரிவினை வழக்கு. பதிந்த பத்திரம் வைத்திருப்பவரே ஆக்கிரமிப்பாளராக இருக்கும் நிலமும் இந்த மாநிலத்தில் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில், 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பிற சாதியாருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். அவற்றில் எத்தனையோ இன்று பிறர் பேரில் பத்திரமாகவும் பட்டாவாகவும் இருக்கின்றன. அத்தகைய நிலத்தை மீட்கக் காரணை என்ற ஊரில் நடந்த போராட்டத்தில் 1994இல் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். அத்துமீறல் என்ற சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைக் கவனிக்காமல் நிலச் சட்டத்தைப் பற்றி எழுதுவது சரியாகாது.

வழக்கில் வென்ற பிறகும் வேலை மீதி இருக்கிறது. தீர்ப்பாணையை நிறைவேற்றத் தனியாக மனுப் போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனா நிலத்துக்கு வந்து, அளந்து ஒப்படைக்க வேண்டும். அந்த மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன பெரியம்மாள் வழக்கில், 1980களில் தொடங்கிய வழக்கின் தீர்ப்பு இன்னும் நிறைவேறாமல் கிடப்பதைக் கண்டு நாடு முழுவதும் கணக்கெடுக்கச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் கணக்கு வந்தது. நிலுவையில் உள்ள நிறைவேற்றல் மனுக்கள் 8.82 லட்சத்துக்கு மேல்.

அந்த வரிசையில் போய் நிற்காமலிருக்க உங்களால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வில்லங்கச் சான்றும் பட்டாவும் புலப்படமும் இணையத்திலேயே கிடைக்கின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புலப்படத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்தின் நான்கு மூலைக்கும் நடந்து பாருங்கள். ஒரு கல் குறைந்தாலும் அளவைக்குக் கட்டணம் கட்டிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புங்கள்.